கன்னியாகுமரி லாட்ஜில் விடிகாலை லோடைக் குறைப்பது எப்படி?

கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க வருகிறவர்கள் நாலரை, ஐந்து மணிக்கெல்லாம் குளிக்கத் தொடங்கிவிடுவார்கள். 12 அறை உள்ள லாட்ஜ், அறைக்கு ஒரு 2 கிலோவாட் கீசர் என்று வையுங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் 24 கிலோவாட். மாடியில் சோலார் இருந்தாலும் அந்த நேரத்தில் வெயில் ஏது? பெரிய பேட்டரி வாங்கத்தான் முதலில் தோன்றும். பொறுங்கள், அதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள்.

படி 1: எழுதி வையுங்கள்

தினமும் காலை பத்து மணிக்கு மீட்டர் ரீடிங்கையும், முந்தைய இரவு எத்தனை அறையில் ஆள் இருந்தார்கள் என்பதையும் குறியுங்கள். இரண்டு வாரம் போதும். ஏசி விடாமல் ஓடும் சித்திரை, வைகாசிக்கும், ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழிக்கும் தனித்தனிப் பக்கம் வேண்டும்.

படி 2: நாளைய தேவையைக் கணியுங்கள்

8 அறை நிரம்பிய நாளில் 62 யூனிட், 2 அறை நிரம்பிய நாளில் 32 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 6 அறைக்கு 30 யூனிட் கூடியிருக்கிறது, அதாவது அறைக்கு 5. ஆளே இல்லாவிட்டாலும் ஓடுவது 22. நாளைக்கு 10 அறை புக்கிங் என்றால் 22 + 50 = 72 யூனிட். பெரிய கட்டிடங்களில் கம்ப்யூட்டர் செய்யும் முன்கணிப்புக்கும் அடிப்படை இதுதான். அது வானிலையையும் மணி நேரத்தையும் சேர்த்துக்கொள்கிறது. உங்கள் கணக்கு பத்து சதவீதத்துக்கு மேல் தப்பினால் காரணத்தைத் தேடுங்கள். ஒழுகும் டேங்கால் மோட்டார் கூடுதலாக ஓடியிருக்கலாம்.

படி 3: கீசரையே பேட்டரி ஆக்குங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 57 டிகிரிக்குச் சூடாக்க அரை யூனிட்டுக்குச் சற்று மேல் போதும், கால் மணி நேர வேலை. பச்சைத் தண்ணீர் கலந்தால் இரண்டு வாளி வெந்நீர் கிடைக்கும். நல்ல கீசரில் அந்தச் சூடு சில மணி நேரம் நிற்கும். அதனால் மூன்று மூன்று அறையாகப் பிரித்து 3:00, 3:30, 4:00, 4:30 என்று டைமர் வையுங்கள். முறை முடிந்ததும் டைமரே கீசரை அணைத்துவிட வேண்டும். 24 கிலோவாட் 6 ஆக இறங்கிவிடும். இதற்குக் காண்டாக்டர், அதாவது டைமர் சொன்னபடி அதிக மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச், தேவை. எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். 2 கிலோவாட் கீசர் ஒன்பது ஆம்பியர் இழுக்கும், சின்ன ஸ்மார்ட் பிளக் தாங்காது.

படி 4: பகல் வேலையைப் பகலுக்கு

விருந்தினர்கள் பாறைக்குப் படகேறப் போனதும் கட்டிடம் காலி. தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின் எல்லாம் உச்சி வெயிலில், சோலாரில் ஓடட்டும்.

படி 5: இப்போது பேட்டரி

மாலை ஆறு முதல் பத்து வரை விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜ் சேர்ந்து ஒன்றரை கிலோவாட் என்றால் 6 யூனிட். லித்தியம் பேட்டரியில் 80 சதவீதம்தான் எடுப்பது நல்லது. இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் எட்டரை யூனிட் கொள்ளளவு வேண்டும். லெட் ஆசிட் என்றால் பாதிதான் எடுக்கலாம். 150 ஆம்பியர் ஹவர், 12 வோல்ட் பேட்டரி எட்டு தேவைப்படும்.

நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. மறுநாள் மழை என்று வானிலை அறிக்கை சொன்னால், அன்று இரவு பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காதபடி இன்வெர்ட்டரில் செட் செய்யுங்கள். அப்புறம், கடற்காற்றில் டெர்மினல் சீக்கிரம் பூத்துவிடும். மாதம் ஒரு முறை இணைப்பைத் துண்டித்துத் துடைத்து, வாசலின் தடவச் சொல்லுங்கள்.