காலேஜில் பி.எஸ்சி., கரஸ்ஸில் இதழியல்: இரண்டு டிகிரியையும் சேர்த்துப் படிப்பது எப்படி?

அறிவியலும் பிடிக்கும், எழுதவும் பிடிக்கும் என்கிற பிளஸ் டூ பிள்ளையிடம் “ரெண்டுல ஒண்ணைச் சொல்லு” என்றுதான் வீட்டில் கேட்பார்கள். 2022 ஏப்ரலில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதியைத் தளர்த்திய பிறகு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரே காலத்தில் இரண்டு பட்டப்படிப்பு படிக்கலாம், இரண்டும் செல்லும். பிஎச்.டி.க்கு மட்டும் இது பொருந்தாது.

படி 1: எதை நேரில், எதைத் தபாலில்?

யுஜிசி மூன்று வழி தருகிறது. வகுப்பு நேரம் மோதாவிட்டால் இரண்டையும் ரெகுலரில் படிக்கலாம். ஒன்றை ரெகுலரிலும் இன்னொன்றைத் தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ படிக்கலாம். அல்லது இரண்டையுமே தொலைதூரத்தில் படிக்கலாம்.

என் ஓட்டு நடுவில் உள்ளதற்கு: அறிவியல் கல்லூரியில், இதழியல் கரஸ்ஸில். வேதியியல் ஆய்வகத்து டைட்ரேஷனில் நிறம் மாறும் அந்த ஒரு சொட்டை வீடியோவில் பார்த்துக் கை பழகாது. தொலைதூர பி.எஸ்சி.யிலும் பிராக்டிகல் உண்டு; அதற்குப் படிப்பு மையத்துக்கு நேரில் போயே ஆக வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நாட்களில் லீவு கிடைப்பதே பெரும்பாடு. இதழியலுக்கான ஆய்வுக்கூடம் உங்கள் தெருவிலேயே இருக்கிறது.

படி 2: நேரக் கணக்கைப் போடுங்கள்

இதைப் போடாமல் யாரும் பணம் கட்ட வேண்டாம். மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட், அதாவது ஆண்டுக்கு 40. ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) கணக்கு. ஆண்டுக்கு 1,200 மணி, வாரத்துக்குச் சுமார் 23 மணி. இரண்டு டிகிரி என்றால் 46. பஸ்ஸில் போய்வரும் நேரம் இதில் சேரவில்லை.

தலை சுற்றுகிறதா? அப்படியானால் பி.எஸ்சி.யை முடித்துவிட்டு இக்னோவில் இதழியல் முதுநிலை டிப்ளமோ படியுங்கள். அதுவும் கௌரவமான வழிதான். அல்லது இதழியலில் மட்டும் மெதுவாகப் போங்கள். தொலைதூரப் படிப்புகளில் குறைந்தபட்சக் காலத்தைத் தாண்டியும் முடிக்க அவகாசம் தருவார்கள்.

படி 3: அங்கீகாரம் பாருங்கள்

பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் படிப்புக்கு, நீங்கள் சேரும் பருவத்தில் அனுமதி உண்டா என்று யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவின் தளத்தில் பாருங்கள். இக்னோவின் பி.ஏ. இதழியல் – டிஜிட்டல் ஊடகம் போன்றவற்றை அங்கே தேடலாம். பயிற்று மொழி எது என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

வேறு மாநில அரசுப் பல்கலைக்கழகத்தின் பெயரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தால் நிற்காமல் நடந்துவிடுங்கள். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் மாநில எல்லைக்குள்தான் தொலைதூரப் படிப்பை நடத்தலாம். முறையான அனுமதியுள்ள தொலைதூரப் பட்டம் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் யுஜிசி அறிவித்திருக்கிறது. சொந்தக்காரர்கள் உதட்டைப் பிதுக்கினால் அதைக் காட்டுங்கள்.

படி 4: ஐடி, சான்றிதழ், அட்மிஷன்

முதலில் ரெகுலர் கல்லூரியில் சேருங்கள், அசல் டி.சி. அங்கே போய்விடும். கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு படிப்பிலும் சேரப்போவதைக் கல்லூரி அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். இரட்டைப் படிப்பை நடைமுறைப்படுத்தும் முறையை அந்தந்தப் பல்கலைக்கழகம்தான் வகுக்கிறது.

அடுத்து, டிஜிலாக்கர் வழியாக ஏபிசி ஐடி, அதாவது உங்கள் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்கின் எண், எடுங்கள். அதை வைத்து, யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவின் தளத்தில் டெப் ஐடி உருவாக்க வேண்டும். அது இல்லாமல் இப்போது தொலைதூர அட்மிஷன் கிடையாது. ஆதாரில் ஒரு இனிஷியல், மார்க்‌ஷீட்டில் வேறு இனிஷியல் என்றிருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். இக்னோவில் ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு முறை அட்மிஷன். தமிழ்நாட்டில் சென்னையிலும் மதுரையிலும் மண்டல மையங்கள் உண்டு.

படி 5: தேதிகளை ஒரே காலண்டரில் எழுதுங்கள்

இக்னோ தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வரும். கல்லூரி செமஸ்டர் பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னால், சில ஆண்டு ஒட்டியே வந்துவிடும். ஒரே நாளில் இரண்டு தேர்வு விழுந்தால் கரஸ் பாடத்தைத் தள்ளிப்போடுங்கள், பிராக்டிகல் உள்ளதைத் தள்ளாதீர்கள். அசைன்மென்ட் தேதியைத் தவறவிடாதீர்கள். அதற்கும் மதிப்பெண் உண்டு, சமர்ப்பிக்காமல் பாடம் முடியாது.

படி 6: இரண்டையும் முடிச்சுப் போடுங்கள்

தனித்தனியாகப் படித்தால் இரண்டு மார்க்‌ஷீட் கிடைக்கும், அவ்வளவுதான். வாரம் ஒரு செய்தியாவது எழுதுங்கள். மழையில் தொடங்கலாம். சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் ஒரு ஊரில் 12 செ.மீ. என்று இருக்கும். அது காலை 8.30 மணி வரையிலான 24 மணி நேரத்துக்கான அளவு. “இன்று பெய்த மழை” என்று எழுதினால் பாதி பொய்.

அடுத்து, அது கனமழையா? 64.5 மில்லிமீட்டரிலிருந்து 115.5 வரை கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. ஆக 12 செ.மீ., அதாவது 120 மில்லிமீட்டர், மிக கனமழை. இந்த எல்லைகள் தெரியாமல், கேட்க நன்றாயிருக்கிறதே என்று ‘அதி’யைச் சேர்ப்பவர்கள் உண்டு. சிவப்பு எச்சரிக்கை என்பது நடவடிக்கை எடுக்கச் சொல்லும் நிறம். அது வந்த இடமெல்லாம் மூழ்கிவிட்டதாக அர்த்தமில்லை. இயற்பியல் வகுப்பில் அலகைத் தவறவிட்டால் அரை மார்க் போகும். செய்தியில் தவறவிட்டால் ஊரே பதறும்.

அப்புறம் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் பேசி, தண்ணீர் எங்கே தேங்கியது, ஏன் வடியவில்லை என்று கேட்டு, 300 சொல்லுக்குள் முடியுங்கள். எழுதியதை உங்கள் இயற்பியல் ஆசிரியரிடமும், அறிவியலே படிக்காத ஒருவரிடமும் கொடுங்கள். முதலாமவர் தப்பைக் காட்டுவார். இரண்டாமவர் எந்த வரியில் நிறுத்தித் திரும்பப் படிக்கிறார் என்று பாருங்கள். அந்த வரியை மாற்றுங்கள்.

கை பழகியதும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ போன்ற இதழ்களுக்கு அனுப்பிப் பாருங்கள். இதழியல் படிப்பில் புராஜெக்ட் வரும்போது உங்கள் பி.எஸ்சி. பாடத்திலிருந்தே தலைப்பை எடுங்கள். வேதியியல் மாணவர் என்றால் ஊர்க் குடிநீரின் கடினத்தன்மை நல்ல தலைப்பு. அதை அளக்கும் ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷனை எப்படியும் கல்லூரியில் செய்வீர்கள். ஆய்வகத்தில் அனுமதி கேட்டு, உங்கள் தெருக் குழாய்த் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுபோங்கள்.