ஐசன்மான் கார்டு வாங்குறவங்க திரும்பத் திரும்ப செய்ற தப்பு

ஐசன்மான்ங்கிறவரு அந்தக் காலத்துல நியூயார்க்ல சர்க்கஸ் கலைஞர்களைப் படம் எடுத்த போட்டோகிராஃபர், கார்டுன்னா கெட்டி அட்டையில ஒட்டின அவரு போட்டோ. நேத்து ஒரு தம்பி ஃபோன் பண்ணி, "அண்ணே, ஐசன்மான் எடுத்த சர்க்கஸ் கார்டு ஒண்ணு கிடைச்சிருக்கு, ஓரமெல்லாம் ஒரே கறை, வெட்டிட்டு பிரேம் போடப்போறேன்"னான். பக்குனு ஆயிடுச்சு எனக்கு.

அடி ஓரத்தை வெட்டுறது

நானும் இதையேதான் செஞ்சேன். சேர்க்க ஆரம்பிச்ச புதுசுல ரெண்டு மாச சம்பளத்தைக் கொட்டி ஒரு கேபினட் கார்டு (அட்டையில ஒட்டின போட்டோவுல ஒரு அளவு) வாங்கினேன், சுமாரா 4¼ அங்குல அகலம், 6½ அங்குல உயரம், அது ரெடிமேட் பிரேம்ல அடங்கலன்னு கடைக்காரர் கீழ ஒரு விரக்கடை வெட்டட்டுமான்னு கேட்டாரு, நான் சரின்னு தலையாட்டிட்டேன். அந்தப் பட்டையிலதான் "ஐசன்மான், 229 பௌவரி, நியூயார்க்"னு அச்சாகி இருந்துச்சு. அது போச்சுன்னா எடுத்தவரு யாரு, எந்த ஊருன்னு சொல்ல கார்டுல எதுவுமே இல்ல. சார்லஸ் ஐசன்மான் 1880கள்ல சைடுஷோ (சர்க்கஸை ஒட்டி ராட்சசன், குள்ளமானவங்கன்னு காட்டுற தனிக் காட்சி) கலைஞர்களுக்குன்னே பேர்போன ஸ்டுடியோ வெச்சிருந்தவரு, 1890கள்ல அவருகிட்டேர்ந்து தொழிலை எடுத்து நடத்துனவரு ஃபிராங்க் வெண்ட். ஒரே மாதிரி ஆளுங்க, ஒரே மாதிரி போஸ், பிரிச்சுக் காட்டுறது அந்த ஒத்த வரிதான். என் கார்டை இன்னிக்கி காட்டினா "ஐசன்மான்தான்னு எப்படி சொல்றீங்க?"ங்கிறாங்க. பதில் இல்ல. இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது.

படத்துல தெரியுற உயரத்தை நம்புறது

இந்தக் கார்டுகளை கலைஞர்களே ஷோவுல வித்து காசு பாத்தாங்க, அதனால ராட்சசனுக்கு உசந்த தொப்பி, குள்ளமானவங்களுக்கு பெரிய நாற்காலின்னு எல்லாம் ஏற்பாடு. குள்ளமான கலைஞர் தம்பதி டாம் தம்பும் லவினியா வாரனும் கைக்குழந்தையோட இருக்குற படம் நிறைய வித்துச்சு, அவங்களுக்கு குழந்தையே இல்ல, அது இரவல் குழந்தை.

கூட வர்ற கதையை நம்புறது

"சர்க்காசிய அழகி"ன்னு, அதாவது காகசஸ் மலைப்பக்கத்துலேர்ந்து வந்தவன்னு சொல்லி, புஸ்ஸுனு தலைமுடியோட ஒரு பொண்ணு நிக்கும். பெரும்பாலும் உள்ளூர்ப் பொண்ணுங்கதான், பீர்ல முடியை அலசி அப்படி நிக்க வெச்சது. பொழப்புக்காக வேற பேர்ல நின்னவங்க அவங்க, சொந்தப் பேர் எங்கயாச்சும் கிடைச்சா பென்சில்ல குறிச்சு வைங்க.

ஈரத்துணியால துடைக்கிறது

வேண்டவே வேண்டாம், முட்டை வெள்ளைக்கரு பூசின பேப்பர் அது.

அட்டையிலிருந்து உரிக்கிறது

சுருண்டு கிழிஞ்சிடும்.

தம்பிகிட்ட கத்தரியைக் கீழ வை, அடி ஓரத்தை மட்டும் கிட்ட வெச்சு படம் எடுத்து அனுப்புன்னேன். ராத்திரி பதினொரு மணிக்கு அனுப்பினான். கறைக்கு நடுவுல பெருசாக்கிப் பாத்தா எழுத்து தெரியுது: "வெண்ட்".