ஷேர்பாயிண்டில் பட்டியல்களையும் படிவத்தையும் ஒரே பக்கத்தில் இணைப்பது எப்படி?

நிறுவனங்கள் தகவல்களையும் கோப்புகளையும் பகிர்ந்துகொள்ள உதவும் மைக்ரோசாஃப்ட் சேவையான ஷேர்பாயிண்டில் தனிப்பயன் பக்கம் அமைக்க முற்படுவோர் பலர் பக்கத்தின் தோற்றத்திலிருந்தே தொடங்குகிறார்கள். பட்டியல்களுக்கு இடையிலான உறவை முதலில் ஒழுங்காக அமைத்துவிட்டால், பக்கம் கட்டும் வேலை வெகுவாகக் குறைந்துவிடும். ‘திட்டங்கள்’ என்றொரு பட்டியலும், ஒவ்வொரு திட்டத்திலும் செய்ய வேண்டியவற்றைக் குறிக்கும் ‘பணிகள்’ என்றொரு பட்டியலும் இருப்பதாகக் கொள்வோம்.

இரண்டையும் ஒரே தளத்தில் உருவாக்குங்கள். பணிகள் பட்டியலில் ‘திட்டம்’ என்ற நெடுவரிசையைச் சாதாரண உரையாக வைக்காமல், திட்டங்கள் பட்டியலின் தலைப்பைச் சுட்டும் லுக்அப் நெடுவரிசையாக (மற்றொரு பட்டியலிலிருந்து மதிப்பை எடுத்துக்கொள்ளும் நெடுவரிசை) அமையுங்கள். அப்போதுதான் திட்டத்தின் பெயர் பின்னர் மாறினாலும் அதைச் சார்ந்த பணிகள் தொடர்பறுந்து போகாமல் இருக்கும். பட்டியல் அமைப்புகளில் இந்த நெடுவரிசைக்கு நீக்கல் விதி ஒன்றையும் தேர்ந்தெடுக்கலாம். ஒரு விதி, பணிகள் உள்ள திட்டத்தை நீக்கவிடாமல் தடுக்கும்; மற்றொன்று, திட்டத்தை நீக்கும்போது அதன் பணிகளையும் சேர்த்தே நீக்கிவிடும். முதலாவதே பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து.

நெடுவரிசைக்குப் பெயரிடுவதிலும் கவனம் வேண்டும். முதன்முதலில் கொடுக்கும் பெயரைக் கொண்டே அதன் உட்பெயர், அதாவது ஷேர்பாயிண்ட் உள்ளுக்குள் பயன்படுத்தும் பெயர், அமைகிறது. பிறகு பெயரை எத்தனை முறை மாற்றினாலும் திரையில் தெரிவது மட்டுமே மாறும். இடைவெளிகளும் தமிழ் எழுத்துகளும் உட்பெயரில் நீண்ட குறியீடுகளாகிவிடுவதால், பட்டியலின் தோற்றத்தை மாற்றும் வடிவமைப்புக் குறிமுறையிலும், வேலைகளைத் தானியங்கியாக்கும் பவர் ஆட்டோமேட்டின் வடிகட்டிகளிலும் அவற்றைக் கையாள்வது பெரும் தொல்லை. எனவே, இடைவெளியில்லாத சிறிய ஆங்கிலப் பெயரில் நெடுவரிசையை உருவாக்கிவிட்டு, அதன்பின் தமிழ்ப் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இனிப் பக்கத்துக்கு வருவோம். புதிய பக்கத்தில் இரு பத்திகள் கொண்ட பகுதியைச் சேர்த்து, இடப்பக்கம் திட்டங்களுக்கும் வலப்பக்கம் பணிகளுக்கும் பட்டியல் வெப் பார்ட்டுகளை (பக்கத்தில் பட்டியலைக் காட்டும் கூறுகள்) வையுங்கள். வலப்பக்க வெப் பார்ட்டின் அமைப்புகளைத் திறந்து டைனமிக் ஃபில்டரிங் (ஒரு பட்டியலில் தேர்ந்தெடுப்பதற்கேற்ப மற்றொன்றை வடிகட்டும்) வசதியை இயக்கினால், மூன்று விவரங்கள் கேட்கப்படும்: இந்தப் பட்டியலில் வடிகட்ட வேண்டிய நெடுவரிசை (திட்டம்), மதிப்பைத் தரும் பட்டியல் (திட்டங்கள்), அந்தப் பட்டியலில் மதிப்பைத் தரும் நெடுவரிசை (தலைப்பு). இவற்றை அமைத்துப் பக்கத்தை வெளியிட்டபின், இடப்பக்கம் ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் அதன் பணிகள் மட்டும் வலப்பக்கம் தெரியும். தலைப்பைக் கொண்டே பொருத்தம் பார்க்கப்படுவதால், ஒரே பெயரில் இரு திட்டங்கள் இருந்தால் அவற்றின் பணிகள் ஒன்றாகக் கலந்துவிடும். ஆகவே தலைப்பு நெடுவரிசையில் ஒரே மதிப்பு மீண்டும் வராதபடி கட்டுப்பாடு விதித்துவிடுங்கள்.

படிவத்தில்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. வலப்பக்கப் பட்டியலில் புதிய பணியைச் சேர்க்கத் திறக்கும் படிவத்துக்கு, இடப்பக்கம் எந்தத் திட்டம் தேர்வாகியிருக்கிறது என்பது தெரியாது. பயனர் அதையே மறுபடியும் தேர்ந்தெடுக்க நேரும், தவறான திட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும் கூடும். இதைத் தவிர்க்க, செயலிகளை உருவாக்க உதவும் பவர் ஆப்ஸில் சிறிய கேன்வாஸ் செயலி (திரையை நாமே வடிவமைக்கும் செயலி) ஒன்றை உருவாக்கி, அதற்கான வெப் பார்ட் வழியாகப் பக்கத்தில் பதியுங்கள். செயலியில் திட்டங்களைக் காட்டும் ஒரு கேலரியும், பணிகள் பட்டியலோடு இணைந்த ஒரு படிவமும் இருந்தால் போதும். படிவத்தில் உள்ள திட்டத் தேர்வுப் பெட்டியின் தொடக்க மதிப்பாக, கேலரியில் தேர்வான திட்டத்தின் அடையாள எண்ணையும் (ID) தலைப்பையும் கொண்ட பதிவைக் கொடுக்க வேண்டும். லுக்அப் நெடுவரிசை இவ்விரண்டையும் சேர்த்தே எதிர்பார்க்கும். தலைப்பை மட்டும் கொடுத்தால் ஏற்காது.

ஒரு பார்வை (பட்டியலை வடிகட்டிக் காட்டும் அமைப்பு) 5,000 உருப்படிகளுக்கு மேல் ஆராய நேர்ந்தால் ஷேர்பாயிண்ட் தன் வரம்பைச் சுட்டித் தடுத்துவிடும் என்பதால், வடிகட்டப் பயன்படும் நெடுவரிசைகளுக்குப் பட்டியல் சிறிதாக இருக்கும்போதே அட்டவணையிடுங்கள் (விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் அமையுங்கள்). ஒரு பட்டியலில் 20 அட்டவணைகள் வரை வைத்துக்கொள்ளலாம்.

பக்கத்தில் ஒரு பட்டியலையோ பொத்தானையோ மறைத்துவிட்டால் தரவும் பாதுகாப்பாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். முகவரியை அறிந்தவர் பட்டியலை நேரடியாகவே திறந்துவிட முடியும். ஆகையால் அனுமதிகளைப் பட்டியலிலேயே வரையறுத்து, படிக்கும் உரிமை மட்டும் உள்ள ஒரு கணக்கில் நுழைந்து, பக்கத்தையும் படிவத்தையும் சோதித்த பிறகே மற்றவர்களுக்கு அறிவியுங்கள்.