திருத்திய விடைத்தாளை எப்படிப் படிப்பது: பத்தாம் வகுப்பு மகளுக்கு ஓர் அப்பா எழுதி வைத்தது

பாப்பா, அரையாண்டுத் தேர்வின் கணக்கு விடைத்தாள் கைக்கு வந்த அன்று, முதல் பக்கத்தின் மேலே சிவப்பு மையில் இருந்த 58 என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டு, உள்ளே ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டாமல் அதைப் பையின் அடியில் வைத்தாய். "எனக்குக் கணக்கு வராதுப்பா" என்றும் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை நாம் இருவரும் கூடத்தில் அமர்ந்து அந்தத் தாளைப் பிரித்து என்ன செய்தோம் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். இனி வரும் திருப்புதல் தேர்வுகளின் தாள்களை நீ தனியாகவே அவ்வாறு படிக்க வேண்டும். வெற்றி மனப்பான்மையைப் பற்றி மேடைகளில் பேசுவதைக் கேட்டால், நெஞ்சை நிமிர்த்தி "என்னால் முடியும்" என்று சொல்லிக்கொள்வதே அது என்று தோன்றும். நான் கண்ட வரையில், குறைந்த மதிப்பெண் வந்த தாளை மறுபடி கையில் எடுக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் அந்த மனம் உருவாகிறது.

இதை நான் மிகத் தாமதமாகக் கற்றேன். 1996-இல் பிளஸ் டூ கணக்குத் தேர்வில் 200-க்கு 70 எடுத்தால் தேர்ச்சி. எனக்கு 61 வந்தது. பள்ளியில் அந்த ஆண்டு முழுவதும் திருத்தித் தந்த தாள்களையெல்லாம் நான் தகரப் பெட்டியின் அடியில் போட்டு வைத்திருந்தேன். துணைத்தேர்வுக்குப் படிக்கத் தொடங்கியபோது, எங்கள் தெருவில் இருந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பாடப்புத்தகத்தைக் கேட்கவில்லை, அந்தத் தாள்களைத்தான் கேட்டார். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி வைத்தபோது, தொகையீட்டில் மாறியை மாற்றிய பிறகு எல்லைகளை மாற்ற மறந்த ஒரே தவற்றை மூன்று தேர்வுகளிலும் செய்திருந்தது தெரிந்தது. காலாண்டிலேயே சிவப்பு மையால் வட்டமிட்டுக் காட்டியிருந்த தவறு அது. நான் பார்க்க மறுத்ததால் பொதுத்தேர்வு வரை என்னோடு வந்தது.

தாள் கைக்கு வந்த அன்றே அதைப் பிரிக்க வேண்டாம். வருத்தம் இருக்கும்போது கண் தவற்றைப் பார்க்காது, மதிப்பெண்ணை மட்டுமே பார்க்கும். அன்று அழத் தோன்றினால் அழு, சாப்பிடு, நேரத்தோடு தூங்கு. ஆனால் இரண்டு நாளைக்கு மேல் தள்ளிப் போடாதே. தேர்வறையில் என்ன நினைத்து அந்த வரியை எழுதினாய் என்பது அதற்குள் மறந்துவிடும், அந்த நினைவுதான் நமக்குத் தேவை.

அடுத்து ஒரு தனிக் குறிப்பேட்டை எடுத்து, இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணையும் கணக்கில் கொண்டுவா. பெற்றவற்றைக் கூட்டுவது ஆசிரியரின் வேலை, இழந்தவற்றைப் பிரிப்பது உன் வேலை. உன் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் பதினான்கில் ஒன்பது சரி, ஐந்து போயிற்று. இரண்டு மதிப்பெண் பகுதியில் 20-க்கு 14, ஆறு போயிற்று. பதினான்கு வினாக்களில் பத்தை எழுத வேண்டிய ஐந்து மதிப்பெண் பகுதியில் ஏழு மட்டுமே எழுதி 50-க்கு 27 பெற்றிருந்தாய், 23 போயிற்று. எட்டு மதிப்பெண் பகுதியில் செய்முறை வடிவியலை முழுமையாக வரைந்துவிட்டு வரைபட வினாவைத் தொடவே இல்லை, எட்டு போயிற்று. ஆக மொத்தம் 42.

இந்த 42-ஐ மூன்று பத்திகளாகப் பிரித்தோம். தெரியாமல் போனவை, தெரிந்தும் தவறியவை, நேரம் இல்லாமல் விட்டவை. கோட்டின் சமன்பாடு பற்றிய இரண்டு ஐந்து மதிப்பெண் வினாக்களும், முக்கோணவியலில் ஒரு நிறுவலும், சிறு வினாக்களில் நான்கு மதிப்பெண்ணும் உண்மையிலேயே உனக்குத் தெரியாதவை, அவை 19. வரைபடத்தின் எட்டு மதிப்பெண் நேரமின்மையால் போனது. மீதி 15 மதிப்பெண்ணும் வழி தெரிந்தும் வழியில் தடுக்கி விழுந்தவை. (–2, 3), (4, –5) என்ற புள்ளிகளை இணைக்கும் கோட்டின் சாய்வைக் காணும்போது, சூத்திரத்தைச் சரியாக எழுதிவிட்டு, கீழே 4 – (–2) என்று வர வேண்டிய இடத்தில் 4 – 2 என்று எழுதியதால், –4/3 என்ற விடை –4 ஆகிவிட்டது. இப்போது நீயே பார்: "கணக்கு வராது" என்று நீ சொன்ன 42 மதிப்பெண்ணில் 23 மதிப்பெண், அதாவது பாதிக்கும் மேல், கணக்குத் தெரியாததால் போனதே அல்ல. இதைக் கூட்டிப் பார்த்ததும் உன் முகம் தெளிந்ததை நான் கவனித்தேன். நான் ஆயிரம் முறை ஆறுதல் சொல்லியிருந்தாலும் அந்தத் தெளிவு வந்திருக்காது.

மூன்று பத்திகளுக்கும் மருந்து வேறு வேறு. மூன்றுக்கும் சேர்த்து "இன்னும் நன்றாகப் படிக்க வேண்டும்" என்று எழுதிவிட்டு எழுந்துவிடாதே. அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் செய்ய ஒரு வேலையும் இருக்காது.

தெரியாதவற்றுக்கு, எந்த வரியிலிருந்து புரியவில்லை என்பதை முதலில் கண்டுபிடி. கோட்டின் சமன்பாடு புரியவில்லை என்றால் சாய்வுக்குப் போ. அதிலும் ஐயம் இருந்தால் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தின் ஆயத்தொலை வடிவியலுக்குப் போ. பின்னால் போவதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆசிரியரிடம் கேட்கும்போதும், "சார், இந்தப் பாடமே புரியவில்லை" என்று கேட்டால் அவர் முழுப் பாடத்தையும் மறுபடி நடத்த நேரமின்றித் தவிப்பார். "இரண்டாம் வரியிலிருந்து மூன்றாம் வரி எப்படி வந்தது?" என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடுவார்.

தெரிந்தும் தவறியவற்றைக் கவனக்குறைவு என்ற ஒரே சொல்லில் அடைக்காதே. ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நிகழ்ந்தது என்று எழுது: குறை எண்ணைக் கழித்தபோது, வினாவிலிருந்து எண்ணைப் பார்த்து எழுதியபோது, கடைசி வரியில் அலகு போடாமல் விட்டபோது. உன் 15 மதிப்பெண்ணில் பெரும்பகுதி குறைக் குறியில்தான் போயிருந்தது. அதற்காக நாம் வகுத்த விதி எளிமையானது: குறை எண்ணை எங்கே பதிலியிட்டாலும் முதலில் அடைப்புக்குறி போட்டு எழுத வேண்டும், அடைப்பை நீக்குவதை அதே வரியில் செய்யாமல் அடுத்த வரியில் செய்ய வேண்டும். ஒரு வரி கூடுவதால் தாள் தீர்ந்துவிடாது.

நேரத்துக்கு மருந்து கடிகாரம் மட்டுமே. பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிப்பதற்கும் விவரங்களைச் சரிபார்ப்பதற்கும் தரும் 15 நிமிடம் போக, எழுத மூன்று மணி நேரம் உண்டு. வடிவியலையும் வரைபடத்தையும் கடைசியில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடு. பயிற்சி செய்தவர்க்கு ஏறக்குறைய உறுதியாகக் கிடைக்கும் 16 மதிப்பெண் அது. கை சோர்ந்த பிறகு அளவுகோலையும் கவராயத்தையும் எடுப்பது சரியான முறை ஆகாது. வாரத்துக்கு ஒரு வரைபடத்தைக் கடிகாரம் வைத்துப் போட்டு, எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறிப்பேட்டில் எழுதி வா.

படிக்கும் முறையிலும் ஒரு மாற்றம் வேண்டும். செய்த கணக்கை மறுபடி மறுபடி பார்ப்பது சுகமாக இருக்கும், எல்லாம் தெரிந்துவிட்டதுபோலவும் தோன்றும். 2006-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்துவிட்டுத் தாளை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். உனக்கு வேண்டியது ஐந்து நிமிடம் நிற்கும் நினைவா, மார்ச் மாதம் வரை நிற்கும் நினைவா என்று யோசித்துப் பார். ஆகவே புத்தகத்தை மூடி எழுது. தடைப்படும் இடத்தில் மட்டும் திறந்து பார்.

பெரியவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள் என்பதற்கு உனக்குப் பிடித்த எடுத்துக்காட்டையே சொல்கிறேன். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2-இன் விக்ரம் என்ற தரையிறங்கு கலம் நிலவில் மோதிச் சிதைந்தபோது நாம் தொலைக்காட்சி முன் விழித்திருந்தோம். இஸ்ரோ விஞ்ஞானிகள் அந்தத் தோல்வியின் தரவுகளை வரிவரியாகப் படித்தார்கள். இயந்திரங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை தந்ததையும், அதனால் சேர்ந்துவந்த பிழைகளைத் திருத்தும் அளவுக்குக் கலம் வேகமாகத் திரும்ப முடியாததையும், இறங்குவதற்கு ஒதுக்கிய இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என மிகச் சிறியதாக இருந்ததையும் கண்டறிந்தார்கள். சந்திரயான்-3-க்கு அந்த இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள், கால்களை வலுப்படுத்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள். எல்லாம் சரியாக நடந்தால் என்று எண்ணி வடிவமைக்காமல், எவையெல்லாம் தவறிப் போகலாம் என்று பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் காப்பு வைத்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று அது நிலவில் மெல்ல இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே தொழில்நுட்பப் பணியாளரின் மகன், பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்து அங்கிருந்து மேலே சென்றவர். உன் குறிப்பேட்டின் மூன்று பத்திகளும் அவர்கள் போட்ட பட்டியலின் சிறு வடிவம்தான்.

எங்கள் பக்கமும் திருந்த வேண்டியது உண்டு. நீ சிறு வயதில் பரிசு வாங்கிவரும்போதெல்லாம் "என் பொண்ணு புத்திசாலி" என்று நானும் அம்மாவும் ஊரெல்லாம் சொன்னோம். 1998-இல் கரோல் டுவெக், கிளாடியா முல்லர் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வைப் பிற்பாடுதான் படித்தேன். புத்திசாலி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிட எளிய வினாக்களையே அதிகம் விரும்பினார்கள். கடினமான ஒன்றில் தோற்றபின் அவர்களுடைய செயல்திறனும் சரிந்தது. புத்திசாலி என்ற பெயரைக் காப்பாற்ற வேண்டியிருக்கும் பிள்ளை தாளைப் பையின் அடியில்தான் வைக்கும். அந்தச் சுமையை உன் தோளில் ஏற்றியது நாங்கள், அதற்காக வருந்துகிறேன். இனிமேல் எத்தனை மதிப்பெண் என்று வாசலிலேயே கேட்க மாட்டேன், எந்தக் கணக்கைச் சரிசெய்தாய் என்றுதான் கேட்பேன். திருமண வீடுகளில் உறவினர் யாராவது அத்தை மகளின் மதிப்பெண்ணோடு உன்னுடையதை ஒப்பிட்டால், பதில் சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

முயன்றால் எதுவும் கிடைக்கும் என்று நான் சொல்லப்போவதில்லை. தேர்வன்று காய்ச்சல் வரலாம். நீ விட்ட ஒரே பகுதியிலிருந்து கட்டாய வினா வரலாம். படிக்க ஒரு மேசைகூட இல்லாத வீடுகளிலிருந்து வந்து உன்னோடு தேர்வெழுதும் தோழிகள் உன்னைவிட அதிகம் உழைத்தும் குறைவாக வாங்கலாம். அவற்றை எழுதுவதற்குக் குறிப்பேட்டில் பத்தி இல்லை. நம் கைக்குள் இருப்பவற்றுக்கு மட்டுமே அந்த மூன்று பத்திகள். ஒருவேளை தாளைப் பார்க்கவே மனம் வராமல், உறக்கமும் பசியும் குறைந்து நாட்கள் செல்வதுபோல இருந்தால், கணக்கை ஒதுக்கி வைத்துவிட்டு எங்களிடம் சொல். அது விடைத்தாளைவிட முதலில் கவனிக்க வேண்டிய விஷயம்.

குறிப்பேடு உன் மேசையின் இடப்பக்கத் தட்டில் இருக்கிறது. பொங்கல் விடுமுறை முடிவதற்குள் குறைக் குறிகள் வரும் சாய்வுக் கணக்குகள் பத்தும், கோட்டின் சமன்பாடுகள் ஐந்தும் அடைப்புக்குறி விதியோடு போட்டு முடி. அதே பதினைந்தை நானும் தனியாகப் போட்டு வைக்கிறேன். காணும் பொங்கலன்று மாலை தாள்களை மாற்றிக்கொள்வோம். என்னுடையதை நீ சிவப்பு மையால் திருத்து.