தாத்தா பாட்டி கண்ட மாற்றங்களைப் பதிவு செய்வது எப்படி

"அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி மாறிடுச்சு?" என்று கேட்டால், "அதெல்லாம் அந்தக் காலம்பா" என்பதோடு பாட்டி முடித்துக்கொள்வார். இவ்வளவு அகலமான கேள்விக்கு வேறு எந்தப் பதிலும் வராது. மாற்றத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், ஒரு பொருளைப் பற்றிக் கேளுங்கள்.

தொலைபேசியிலிருந்து தொடங்கலாம். "பம்பாயில இருந்த உங்க தம்பிகிட்ட அவசரமாப் பேசணும்னா என்ன பண்ணுவீங்க, பாட்டி?" தபால் ஆபீசுக்குப் போய் ட்ரங்க் கால் (ஆபரேட்டர் இணைத்துத் தரும் வெளியூர் அழைப்பு) பதிந்தது, லைன் கிடைக்கக் காத்திருந்தது, 3 நிமிடக் கணக்கு முடிவதற்குள் என்னென்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்தது எல்லாம் தானாக வரும். அதன்பின் வெளியூருக்கு நேரடியாக டயல் செய்து பேசும் மஞ்சள் போர்டு எஸ்டிடி பூத். இரவில் கட்டணம் குறையும் என்பதால் எத்தனை மணிக்குப் போய் வரிசையில் நின்றார்கள் என்று கேளுங்கள். பிறகு மிஸ்டு கால், கடைசியில் பேரன் முகம் தெரியும் வீடியோ கால். ஒவ்வொரு கட்டத்திலும் இவற்றை விடாமல் கேளுங்கள்: தெருவில் முதலில் யார் வீட்டுக்கு வந்தது, யார் காசில் வாங்கியது, எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், பயன்படுத்த யார் சொல்லிக்கொடுத்தார்கள், பழைய பொருள் எங்கே போனது. கடைசிக் கேள்விக்குத்தான் நல்ல பதில்கள் கிடைக்கும். கிரைண்டர் வந்த பிறகு கிணற்றடிக்குப் போன ஆட்டுக்கல்லைக் காட்டச் சொன்னால், அரைத்த கைகளின் கதையும் கூடவே வரும்.

வருடத்தில்தான் பெரும்பாலும் தவறு நேர்கிறது. "அப்ப எனக்குப் பத்து வயசு" என்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் தோராயமாக எழுதிய பிறந்த தேதிதான் பலருக்கும் இருக்கிறது. எல்லாருக்கும் நினைவிருக்கும் நிகழ்வுகளை மைல்கல்லாக நட்டு வையுங்கள்: 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயல், 1969 பிப்ரவரியில் அண்ணா மறைவு, 1975 எமர்ஜென்சி, 1987 டிசம்பரில் எம்ஜிஆர் மறைவு. "எம்ஜிஆர் இறந்தப்ப நம்ம வீட்ல டிவி இருந்துச்சா, எங்க போய்ப் பார்த்தீங்க?" என்று கேட்டால் போதும்.

விலையிலும் ஒரு சிக்கல் உண்டு. 1957 ஏப்ரலில் அணாக் கணக்குக்குப் பதிலாக நயா பைசா வந்துவிட்டது. ஆனாலும் 25 பைசாவை நாலணா என்றே பல பத்தாண்டுகள் சொல்லிவந்தோம். ஆகவே "நாலணாவுக்கு வாங்கினேன்" என்பதால் அது 1957க்கு முந்தைய கதை ஆகிவிடாது. ஓட்டைக் காலணாவைக் கையில் வைத்திருந்த நினைவு இருந்தால் அது நல்ல தடயம், அந்தக் காசு 1943 முதல் 1947 வரை அடித்தது. கடித உறைகளும் உதவும். முகவரியில் 6 இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது.

பதிவுக்குக் கைப்பேசியே போதும். ஏரோபிளேன் மோடில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் பல கைப்பேசிகளில் பதிவு நின்றுபோகும். மடித்த துண்டின் மேல், வாயிலிருந்து இரண்டு ஜாண் தூரத்தில் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம்கூட இடிபோல் விழும். மின்விசிறியை நிறுத்துங்கள், குக்கர் விசில் அடங்கட்டும். வேவ் (சுருக்கப்படாத ஒலிக்கோப்பு) வடிவில், மோனோவில் (ஒற்றைத் தடத்தில்) பதிந்தால் ஒரு மணி நேரம் சுமார் 320 எம்பி பிடிக்கும். ஒரு அமர்வு 40 நிமிடம் போதும், அதற்கு மேல் குரல் சோர்ந்துவிடும். முதலில் ஒரு நிமிடம் பதிந்து, போட்டுக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தாத்தாவையும் பாட்டியையும் சேர்த்து உட்கார வைக்காதீர்கள். பெரும்பாலான வீடுகளில் தாத்தா பேசுவார், பாட்டி தலையாட்டுவார். பாட்டி கீரை ஆய்ந்துகொண்டோ பூக் கட்டிக்கொண்டோ இருக்கும் மதியம் தனியாகக் கேளுங்கள், கைக்கு வேலை இருந்தால் பேச்சு தடையில்லாமல் வரும். கடன், நிலத் தகராறு, சாதி பற்றிய பேச்சு வந்து "இதைப் போடாத" என்றால் அப்போதே நிறுத்திவிடுங்கள். அவர் சொல்லை மதிப்பது முக்கியம்.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர் இருக்கும் வீடு என்றால், கடிதத்துக்குப் பதிலாகக் குரல் பதிந்து அனுப்பிய கேசட் இருக்கிறதா என்று டிரங்குப் பெட்டியைத் தேடுங்கள். கிடைத்தவுடன் டூ-இன்-ஒன்னில் (ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த பெட்டி) போட்டுவிடாதீர்கள். நாடாச் சுருளில் வெள்ளைத் தூள் படர்ந்திருந்தால் அது பூஞ்சை, ஓட்டினால் மற்ற கேசட்டுகளுக்கும் பரவும். அதைத் தனியே எடுத்து வைத்து, விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். திறந்த விளிம்பில் நாடாவுக்குப் பின்னால் சின்னக் கம்பளித் துண்டு ஒன்று இருக்கும். அது உதிர்ந்திருந்தால் குரல் மங்கும், நாடாவை வேறு நல்ல கேசட் கூட்டுக்கு மாற்ற வேண்டும். எதிர் விளிம்பின் இரண்டு மூலைகளிலும் உள்ள சிறு பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிடுங்கள், தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது. தளர்ந்த நாடாவைப் பென்சிலால் சுற்றி இறுக்கிய பிறகே ஓட்டுங்கள்.

கோப்புக்கு வருடம், மாதம், நாள், பெயர், பொருள் என்ற வரிசையில் பெயரிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். மூன்று பிரதிகள் வேண்டும்: ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில்.