தென்னாப்பிரிக்காவுல போன் கான்ட்ராக்ட் டிக்லைன் ஆச்சுன்னா என்ன பண்ணணும், ஒவ்வொரு படியா

25ஆம் தேதி சம்பளம் வந்துச்சு, அடுத்த சனிக்கிழமை காலைலயே டர்பன் சாட்ஸ்வொர்த் ஏரியால இருக்கற சாட்ஸ்வொர்த் சென்டர் மால்ல போய் வரிசைல நின்னேன். டர்பன் வந்து நாலு மாசம் ஆகியிருந்தது, ஊர்ல இருந்து கொண்டு வந்த போன் ஸ்கிரீன் உடைஞ்சு போச்சு, 24 மாச கான்ட்ராக்ட்ல நல்லதா ஒண்ணு எடுத்துக்கலாம்னு ஆசை. பாஸ்போர்ட், விசா, மூணு மாச பேஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் ஃபைல்ல போட்டு கொண்டு போயிருந்தேன். கவுன்டர்ல இருந்த பொண்ணு கம்ப்யூட்டர்ல தட்டிப் பார்த்துட்டு பத்தே நிமிஷத்துல "டிக்லைன்ட்"னு சொல்லிட்டாங்க. ஏங்கன்னு கேட்டா "சிஸ்டம் சொல்லுது", அவ்வளவுதான் பதில். பின்னாடி நிக்கறவங்க எல்லாம் பார்க்கறாங்க, இந்த ஊர்ல ஒரு ரேண்ட் கூட கடன் வாங்காத எனக்கு கடன்காரன் மாதிரி முகமெல்லாம் சுருங்கிப் போச்சு. அந்த கோவத்துலயே பக்கத்து கடை, அப்புறம் உம்லாங்கா கேட்வே மால்னு ஒரே நாள்ல மூணு எடத்துல அப்ளை பண்ணேன், மூணும் டிக்லைன்.

அதுக்கப்புறம்தான் உட்கார்ந்து ஒவ்வொண்ணா கத்துக்கிட்டேன். இப்ப புதுசா வேலைக்கு வர்ற நம்ம பசங்க மாசத்துக்கு ஒருத்தராவது இதே கேள்வியோட என்கிட்ட வர்றாங்க, அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிடறேன். இங்கயே பொறந்து வளர்ந்தவங்களுக்கும் இது பொருந்தும்.

படி 1: அடுத்த கடைக்கு போகாதீங்க

போன் கான்ட்ராக்ட்னா என்ன, கம்பெனி இன்னைக்கே போனைக் கொடுக்குது, நீங்க 24 மாசமோ 36 மாசமோ பின்னாடி கட்டுறீங்க. அதனால லோன் கொடுக்கற மாதிரியே உங்க கடன் ஹிஸ்டரிய கிரெடிட் பீரோல, அதாவது யார் எவ்வளவு கடன் வாங்கினாங்க, ஒழுங்கா கட்டினாங்களான்னு பதிவு வச்சிருக்கற கம்பெனில, செக் பண்ணுவாங்க. நீங்க கடன் கேட்டு அப்ளை பண்ற ஒவ்வொரு தடவையும் பீரோல "என்கொயரி"ன்னு ஒரு வரி பதிவாகும். ஒரே நாள்ல மூணு நாலு வரி விழுந்தா, இந்த ஆளுக்கு பணத்துக்கு ரொம்ப நெருக்கடி போலன்னுதான் அடுத்து பார்க்கறவங்களுக்குத் தோணும். நான் பண்ணது அதேதான். முதல் டிக்லைன் வந்ததும் நன்றி சொல்லிட்டு கடைய விட்டு வெளிய வந்துடுங்க, எந்தக் கடை, எந்தத் தேதி, அப்ளிகேஷன் நம்பர் என்னன்னு மட்டும் குறிச்சுக்கோங்க.

படி 2: ஏன்னு எழுத்துல கேளுங்க

எனக்கு யாராவது முதல்லயே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்னு நான் நினைக்கறது இந்தப் படியைத்தான். "சிஸ்டம் சொல்லுது"ங்கறதோட நீங்க திரும்பி வரணும்னு அவசியமே இல்ல. இந்த நாட்டுல நேஷனல் கிரெடிட் ஆக்ட்னு 2005ல போட்ட சட்டம் இருக்கு, 34ஆம் நம்பர் சட்டம். அதுல 62ஆம் பிரிவு என்ன சொல்லுதுன்னா, உங்களுக்கு கடன் இல்லன்னு சொன்ன கம்பெனிகிட்ட நீங்க கேட்டா, முக்கியமான காரணம் என்னன்னு எழுத்துல கொடுத்தே ஆகணும். பீரோல இருந்த மோசமான ரெக்கார்டை வச்சுத்தான் இல்லன்னாங்கன்னா, அது எந்த பீரோ, அட்ரஸ் என்ன, எப்படி தொடர்பு கொள்ளணும்னும் சேர்த்து கொடுக்கணும்.

ஆனா நீங்க கேட்கணும். கேட்காம தானா வராது, நம்ம ஆளுங்க இங்கதான் சறுக்கறோம், மறுத்துட்டாங்கன்னதும் கூச்சப்பட்டுட்டு திரும்பி வந்துடறோம். கவுன்டர்ல இருக்கற பொண்ணுகிட்ட சண்டை போட்டும் பிரயோஜனம் இல்ல, அவங்க ஸ்கிரீன்லயே காரணம் முழுசா வராம இருக்கலாம். நெட்வொர்க்கோட கஸ்டமர் கேருக்கு ஈமெயில் போடுங்க, பெருசா எழுத வேண்டாம்: பேரு, ஐடி நம்பர் இல்லன்னா பாஸ்போர்ட் நம்பர், அப்ளை பண்ண தேதியும் கடையும், அப்புறம் "சட்டத்தோட 62ஆம் பிரிவுப்படி மறுத்த காரணத்தையும், பீரோ ரெக்கார்டுதான் காரணம்னா எந்த பீரோன்னும் எழுத்துல கொடுங்க"ன்னு ஒரு வரி. பிரிவு நம்பரை மறக்காம போடுங்க, நம்பர் போடாம அனுப்பின என் முதல் மெயிலுக்கு "வருந்துகிறோம்"னு மட்டும் பதில் வந்துச்சு, நம்பர் போட்ட ரெண்டாவது மெயிலுக்குத்தான் விஷயம் வந்துச்சு.

படி 3: உங்க ரிப்போர்ட்டை நீங்களே எடுங்க

பதில் வர்ற வரைக்கும் சும்மா இருக்காதீங்க. இங்க ட்ரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், எக்ஸ்டிஎஸ்னு பெரிய பீரோக்கள் இருக்கு. ஒவ்வொண்ணுகிட்டயும் வருஷத்துக்கு ஒரு தடவை ரிப்போர்ட் இலவசமா வாங்கற உரிமை உங்களுக்கு இருக்கு. நீங்களே உங்க ரிப்போர்ட்டை பார்க்கறதால, கடனை ஒழுங்கா கட்டுவீங்களான்னு பீரோ போடற மார்க், அதாவது ஸ்கோர், குறையாது, பயப்படாதீங்க. சாட்ஸ்வொர்த் பக்கம் பெரியவங்க "ஐடிசில பேர் இருக்கு"ன்னு சொல்றது காதுல விழும், அதுவும் இந்த பீரோ ரெக்கார்டைத்தான், ட்ரான்ஸ்யூனியனுக்கு முன்னாடி இருந்த பேரு அது, பழக்கத்துல அப்படியே நின்னுடுச்சு.

ரிப்போர்ட் கையில வந்ததும் ஸ்கோரைப் பார்த்து மிரள வேண்டாம். ட்ரான்ஸ்யூனியன் 999 வரைக்கும் போடும், மத்த பீரோவுக்கு வேற அளவு, அதனால ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டு குழம்பாதீங்க. உள்ள இருக்கற வரிகளைப் பாருங்க. பேரு, அட்ரஸ், பிறந்த தேதி சரியா இருக்கா, உங்களோடது இல்லாத அக்கவுண்ட் ஏதாவது இருக்கா, கட்டி முடிச்ச அக்கவுண்ட் இன்னும் பாக்கின்னு நிக்குதா, கோர்ட் ஜட்ஜ்மென்ட் இருக்கா, நீங்க அப்ளை பண்ணாத என்கொயரி இருக்கா. பேனா வச்சு ஒவ்வொரு வரியா டிக் போடுங்க, அவசரம் வேண்டாம்.

படி 4: காரணம் எந்த வகைன்னு பிரிங்க

என் காரணம் ரொம்ப சாதாரணம், ரெக்கார்டே இல்ல. இந்த நாட்டுல நான் கடன் வாங்கினதும் இல்ல, திருப்பிக் கட்டினதும் இல்ல, அதனால என்னை எடைபோட அவங்ககிட்ட ஒண்ணும் இல்ல. இந்தியாவுல நம்ம சிபில் ஸ்கோர் எவ்வளவு நல்லா இருந்தாலும் அது இங்க வராது. அதோட விசா முடியற தேதி கான்ட்ராக்ட் முடியறதுக்கு முன்னாடியே வந்துச்சுன்னா அதுவும் சிக்கல்தான், விசால 14 மாசம் மட்டும் பாக்கி இருந்து நீங்க 24 மாச கான்ட்ராக்ட் கேட்டா அவங்க தயங்கத்தான் செய்வாங்க.

ஸ்கோர் நல்லா இருந்தும் டிக்லைன் ஆகறவங்க உண்டு. அவங்களுக்கு பெரும்பாலும் வரவு செலவு கணக்குதான் காரணம். உங்களால கட்ட முடியுமான்னு பார்க்காம கடன் கொடுக்கக்கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு, அதனால சம்பளத்துல இருந்து வாடகை, கார் லோன், மத்த கட்டணம் எல்லாம் கழிச்சு மிச்சம் பார்ப்பாங்க. இதுக்கு ஒரே வழி கம்மி விலை போன், இல்லன்னா போன் இல்லாம சிம் மட்டும்.

அட்ரஸ் விஷயமும் கவனிங்க. நம்மள்ல நிறைய பேர் யாராவது வீட்டு அவுட்பில்டிங்ல, அதாவது வீட்டோட சேர்ந்த தனி சின்ன கட்டடத்துல, வாடகைக்கு இருப்போம், ஈதெக்வினி முனிசிபாலிட்டி (டர்பன் மாநகராட்சி) பில் ஓனர் பேர்லதான் வரும். அப்போ ஓனர்கிட்ட "இவர் என் வீட்டுலதான் இருக்கார்"னு ஒரு அஃபிடவிட் வாங்கிக்கோங்க, போலீஸ் ஸ்டேஷன்ல கமிஷனர் ஆஃப் ஓத்ஸ் (உறுதிமொழிக்கு சாட்சி போடற அதிகாரி) முன்னாடி கையெழுத்து போட்டு முத்திரை வாங்கணும், காசு கிடையாது. அதோட பில் காப்பியும் ஓனர் ஐடி காப்பியும் வச்சுக்கோங்க, பில் மூணு மாசத்துக்குள்ள உள்ளதா இருக்கட்டும். பேங்க்ல ஒரு அட்ரஸ், அப்ளிகேஷன்ல வேற அட்ரஸ்னு இருந்தா முதல்ல பேங்க்ல மாத்துங்க. பாஸ்போர்ட் புதுப்பிச்சு நம்பர் மாறியிருந்தா அதையும் பேங்க்ல சொல்லிடுங்க.

இப்ப ரொம்ப மனசு கஷ்டப்படுத்தற வகைக்கு வர்றேன், தப்பான ரெக்கார்ட். எங்க வீட்டு ஓனர் அண்ணா சாட்ஸ்வொர்த்லயே பொறந்தவர், முப்பது வருஷமா ஒரே ஃபேக்டரில வேலை. பொண்ணுக்கு யுனிவர்சிட்டி சேரும்போது போன் எடுத்துக் கொடுக்கப் போனார், டிக்லைன். என் ரிப்போர்ட்டோட அவரோடதையும் சேர்த்து எடுத்துப் பார்த்தோம். ஸ்கூல் யூனிஃபார்முக்காக ஒரு துணிக்கடைல கடனுக்கு வாங்கறதுக்காகத் திறந்த அக்கவுண்ட், நடுவுல ஃபேக்டரில கொஞ்ச நாள் வேலை நின்னப்போ கட்ட முடியாம போய், அப்புறம் கடன் வசூல் பண்ற ஏஜென்ட்டுங்க மூலமா கடைசி ரேண்ட் வரைக்கும் கட்டி முடிச்சது, அது இன்னும் "ஹேண்டட் ஓவர்"னு, அதாவது வசூலுக்கு ஒப்படைச்ச பாக்கின்னு நின்னுச்சு. அக்கா பிஸ்கட் டின்ல இருந்து பில் ஒவ்வொண்ணா எடுத்து மேசைல அடுக்கினாங்க, அண்ணா ஒண்ணுமே பேசல, கடைசி ரசீதை மட்டும் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார்.

அவருக்காக நாங்க பண்ணது இதுதான், நீங்களும் அப்படியே பண்ணலாம். முதல்ல துணிக்கடை அக்கவுண்ட் டிபார்ட்மென்ட்ல இருந்து பணம் முழுசா கட்டியாச்சுன்னு பெய்ட்-அப் லெட்டர் வாங்கினோம். ரெண்டாவது, அந்த லெட்டரையும் ரசீதையும் சேர்த்து பீரோல டிஸ்ப்யூட், அதாவது இந்த வரி தப்புன்னு ஆட்சேபம் போட்டோம், ரெஃபரன்ஸ் நம்பர் எழுதி வச்சோம். டிஸ்ப்யூட் போட்டா பீரோவுக்கு 20 வேலை நாள் டைம், அதுக்குள்ள அந்த ரெக்கார்ட் சரிதான்னு ஆதாரம் காட்ட முடியலன்னா எடுத்துடணும். உண்மைல இவர் டிஸ்ப்யூட் போடற நிலைமையே வந்திருக்கக்கூடாது, இப்ப இருக்கற சட்டப்படி முழுசா கட்டி முடிச்சா 7 நாளுக்குள்ள கம்பெனி பீரோவுக்கு சொல்லணும், பீரோ இன்னொரு 7 நாளுக்குள்ள அந்த மோசமான வரிய எடுக்கணும். மூணாவது வாரம் அண்ணாவுக்கு மெயில் வந்துச்சு, வரி போயிடுச்சு.

பீரோ கேட்கலன்னா, பண விஷயப் புகார்களை விசாரிச்சு தீர்க்கற நேஷனல் ஃபினான்ஷியல் ஆம்பட் ஸ்கீம்கிட்ட போங்க, முன்னாடி கிரெடிட் ஆம்பட்னு தனியா இருந்தது 2024 மார்ச்ல இருந்து அதுக்குள்ள வந்துடுச்சு, இலவசம்தான். கடன் கம்பெனிகளையும் பீரோக்களையும் கண்காணிக்கற நேஷனல் கிரெடிட் ரெகுலேட்டர்கிட்டயும் புகார் கொடுக்கலாம், நம்பர் 0860 627 627.

நீங்க திறக்காத அக்கவுண்ட் உங்க பேர்ல இருந்தா அது வேற விஷயம், ஐடி திருட்டு. போலீஸ்ல கேஸ் நம்பர் வாங்கி அதையும் டிஸ்ப்யூட்ல வைங்க, சதர்ன் ஆப்பிரிக்கன் ஃப்ராட் ப்ரிவென்ஷன் சர்வீஸ்ல ப்ரொடெக்டிவ் ரெஜிஸ்ட்ரேஷன் (உங்க பேர்ல யாராவது கடன் கேட்டா உஷாரா செக் பண்ணச் சொல்ற பதிவு) இலவசமா பண்ணிக்கோங்க.

"பிளாக்லிஸ்ட்ல இருந்து பேரை எடுத்துத் தர்றோம், 2000 ரேண்ட் கொடுங்க"ன்னு கம்பத்துல ஒட்டியிருக்கற நோட்டீஸை நம்பி தயவுசெஞ்சு காசு கொடுக்காதீங்க. பிளாக்லிஸ்ட்னு தனியா ஒரு லிஸ்ட்டே கிடையாது. தப்பான வரிய நீங்களே இலவசமா எடுக்கலாம், உண்மையான பாக்கிய எந்த ஏஜென்ட்டாலயும் அழிக்க முடியாது.

படி 5: நாலஞ்சு மாசம் ரெக்கார்ட் சேருங்க

ரெக்கார்டே இல்லாதவங்களுக்கு இது. சம்பளம் ஒரே பேங்க்ல விழட்டும். ஒரு துணிக்கடை அக்கவுண்டோ, பேங்க்ல சின்ன லிமிட் கிரெடிட் கார்டோ, ஒண்ணே ஒண்ணு போதும், கொஞ்சமா வாங்கி தேதிக்கு முன்னாடியே கட்டுங்க. டெபிட் ஆர்டர், அதாவது மாசா மாசம் பேங்க்ல இருந்து தானா கழியற பணம், போற நாள்ல அக்கவுண்ட்ல காசு இருக்கணும், அது பவுன்ஸ் ஆனா சேர்த்தது எல்லாம் வீணாப் போகும். நான் சம்பளத்துக்கு மறுநாளே போற மாதிரி தேதிய மாத்திக்கிட்டேன்.

இந்த இடைவெளில ஃப்ரெண்ட் பேர்ல கான்ட்ராக்ட் எடுக்கற வேலை வேண்டாம். நம்ம ஆளுங்க பாசத்துல "என் பேர்ல எடுத்துக்கோடா"ன்னு சொல்லிடுவாங்க, நீங்க ஒரு மாசம் தவறினா அவங்க ரெக்கார்ட்தான் கெடும், ரெண்டு பேர் நட்பு இதுல முறிஞ்சதை நானே பார்த்திருக்கேன்.

படி 6: அதுவரைக்கும் போனுக்கு என்ன வழி

ப்ரீபெய்ட் சிம்முக்கு கிரெடிட் செக் கிடையாது, ரைக்கா ரெஜிஸ்ட்ரேஷனுக்கு, அதாவது சட்டப்படி சிம்மை உங்க பேர்ல பதியறதுக்கு, ஐடியோ பாஸ்போர்ட்டோ ஒண்ணும் அட்ரஸ் ப்ரூஃபும் இருந்தா போதும். போன் வேணும்னா லே-பை கேளுங்க, டெபாசிட் கட்டி மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா கொடுத்து முடிச்சதும் போன் கையில வரும், கடன் இல்லாததால செக்கும் இல்ல. எல்லா கடையிலயும் இருக்காது, கேட்டுப் பார்க்கணும். நான் அப்படித்தான் நாலு மாசத்துல ஒரு போன் எடுத்தேன்.

படி 7: திரும்ப அப்ளை பண்ணும்போது

ஒரே ஒரு எடம். முடிஞ்சா நீங்க ஏற்கனவே ப்ரீபெய்ட் யூஸ் பண்ற நெட்வொர்க். முதல்ல சிம் மட்டும் உள்ள சின்ன ப்ளான் கேளுங்க, விசா முடியற தேதிக்குள்ள முடியற மாதிரி. நான் ஒன்பதாவது மாசம் அப்படி அப்ளை பண்ணேன், அப்ரூவ் ஆச்சு. அப்ரூவ் ஆனதும் உங்க பேங்க்ல இருந்து டெபிசெக்னு ஒரு மெசேஜ் வரும், டெபிட் ஆர்டரை நீங்க ஒத்துக்கறீங்களான்னு கேட்கும். கடைல நிக்கற அவசரத்துல ஓகே அழுத்திடாதீங்க, தொகை, தேதி, கம்பெனி பேரு மூணும் கான்ட்ராக்ட் பேப்பர்ல இருக்கறதோட ஒத்துப்போகுதான்னு பார்த்துட்டு அப்புறம் அழுத்துங்க.