வாம்பயர் ஆக்‌ஷன் படத்தின் இரண்டாம் பாகம் தேறுமா? முதல் பாகத்தோடு வைத்துப் பார்க்கும் வழி

இரண்டாம் பாகம் முடிந்ததும் "முதல் படம் மாதிரி இல்லை" என்று யாரும் சொல்லிவிடலாம். எது இல்லை என்று திருப்பிக் கேட்டால்தான் பதில் வராது. இந்த வகைப் படங்கள் எனக்கு உயிர். திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட முறையை இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு 1998-இல் வந்த பிளேட், 2002-இல் வந்த பிளேட் 2 இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். கடைசியில் அண்டர்வேர்ல்டு என்ற இன்னொரு வாம்பயர் படத்தின் பக்கமும் கொஞ்சம் போவோம். முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் முதல் பாகத்தை மறுபடி பாருங்கள். நினைவை நம்பாதீர்கள், பிடித்த நாலு காட்சிகளை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு இழுவையாக இருந்ததை எல்லாம் அது கழற்றி விட்டிருக்கும். அந்த நாலு காட்சிகளோடு ஒரு முழுப் படத்தை மோதவிட்டால் எந்த இரண்டாம் பாகமும் தோற்றுத்தான் போகும்.

பார்க்கும்போதே ஒரு தாளில் படத்தின் சட்டங்களை எழுதுங்கள். வாம்பயர் படம் என்பதே சட்டங்களால் ஆனது. எதற்குப் பயப்படுவார்கள், எப்படிச் சாவார்கள், யார் பெரியவர், ஹீரோவுக்கு என்ன பலவீனம். பிளேடில் வெள்ளி, பூண்டு, சூரிய ஒளி மூன்றும் கொல்லும். பிறவி வாம்பயர்கள் கடிபட்டு மாறியவர்களைக் கீழாகப் பார்ப்பார்கள். பாதி மனிதன், பாதி வாம்பயரான ஹீரோ பிளேடு வெயிலில் நடப்பான், ஆனால் ரத்த தாகம் அவனுக்கும் உண்டு, அதை அடக்க மருந்து போட்டுக்கொள்ள வேண்டும். இந்தச் சட்டங்களை யாராவது உட்கார்ந்து விளக்குகிறார்களா, இல்லை காட்சியே சொல்கிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஆரம்ப நடனக் காட்சியைப் பாருங்கள். கூரையிலிருந்து ரத்தம் மழையாகக் கொட்டுகிறது, சுற்றி எல்லோரும் பல்லைக் காட்டுகிறார்கள், மாட்டிக்கொண்ட ஒரே ஒரு மனிதன் வழுக்கும் தரையில் தவழ்ந்து தவழ்ந்து ஒரு ஜோடி பூட்ஸ் முன்னால் போய் நிற்கிறான். நிமிர்ந்தால் பிளேடு. கூட்டம் அப்படியே பின்வாங்குகிறது. இவன் யார், இவர்களுக்கு இவனிடம் எவ்வளவு பயம் என்று அந்தப் பின்வாங்கல் ஒன்றே சொல்லிவிடுகிறது.

அப்புறம் இரண்டாம் பாகம். இங்கேதான் முக்கியமான கேள்வி: அந்தத் தாளில் இருக்கும் எந்தச் சட்டத்தை இது உடைக்கிறது, உடைத்ததால் யாருக்கு என்ன நஷ்டம்? எல்லாச் சட்டமும் அப்படியே இருந்தால் அது முதல் படத்தின் நகல். காரணமில்லாமல் உடைந்தால் ஏமாற்று வேலை. பிளேட் 2 இதைச் சரியாகச் செய்கிறது என்பதுதான் என் கட்சி. ரத்த வங்கியில் வெளிறிப்போன ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், மோவாயில் ஒரு தழும்பு. வாம்பயர்கள் இரை கிடைத்தது என்று நெருங்கும்போது அந்தத் தழும்பு வழியாகத் தாடையே இரண்டாகப் பிளக்கிறது, இரை அவர்கள்தான். ரீப்பர்கள் எனப்படும் இந்த இனத்திடம் வெள்ளியும் பூண்டும் செல்லாது, இதயத்தைச் சுற்றி எலும்புக் கவசம் வேறு. பிளேடு முதல் படத்தில் ஜெயித்த ஆயுதங்களில் பாதி ஒரே அடியில் வீணாகின்றன. மிச்சம் இருப்பது வெளிச்சம் மட்டும். அதனால்தான் தன்னைக் கொல்லவே பயிற்சி எடுத்த வாம்பயர் படையோடு அவன் கைகோக்க வேண்டியிருக்கிறது. ஒரு சட்டம் உடைந்ததில் கதை முழுக்கப் பிறந்துவிட்டது, பாருங்கள்.

வில்லனை ஒப்பிடும்போது யார் பலசாலி என்று பார்க்காதீர்கள், யாருக்கு யார் மேல் கோபம் என்று பாருங்கள். முதல் படத்தில் டீகன் ஃப்ராஸ்ட் பிளேடின் அம்மாவைக் கடித்தவன், பிளேடு பாதி வாம்பயராகப் பிறக்கக் காரணமே ஃப்ராஸ்ட்தான். கிளைமாக்ஸில் பகை நேருக்கு நேர் நிற்கிறது. இரண்டாவதில் தாடை பிளந்த அந்த ரீப்பர், நோமாக்கின் கோபம் பிளேடு மேல் இல்லை, தன்னை உருவாக்கிக் கைவிட்ட அப்பன் மேல். பயமுறுத்துவதில் நோமாக் பல மடங்கு மேல், ஆனால் கடைசிச் சண்டையில் பிளேடு வேறொரு குடும்பத்தின் சண்டைக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது. இந்த இடத்தில் மதிப்பெண் முதல் பாகத்துக்கே.

செத்தவர்கள் திரும்பி வருகிறார்களா என்று கட்டாயம் பாருங்கள். முதல் படத்தில் பிளேடை வளர்த்த விஸ்லர் கடிபட்டதும் துப்பாக்கியைக் கேட்டு வாங்குகிறார், பிளேடு வெளியே நடக்கிறான், பின்னால் வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது. அவ்வளவு அருமையான காட்சி. இரண்டாவதில் அவர் சாகவில்லை, பிளேடு அவரைத் தேடிப் பிடித்து மருந்து போட்டு ஒரே இரவில் மீட்டுவிடுகிறான். விஸ்லராக நடித்த கிரிஸ் கிறிஸ்டாஃபர்சனைத் திரும்பப் பார்ப்பது சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வெடிச்சத்தத்தை இனி எப்போது கேட்டாலும் மனசு பழைய மாதிரி கனக்காது. முதல் பாகத்தின் கையிலிருந்து இரண்டாம் பாகம் எதையாவது பிடுங்கிவிட்டதா என்பதுதான் இங்கே கணக்கு.

சண்டைக் காட்சிகளுக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு, சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டுப் பாருங்கள். இசை போனதும் யார் எங்கே நிற்கிறார்கள், அடி எங்கே விழுகிறது என்பது தெரிகிறதா? கால் தரையில் பதிகிறதா? பிளேட் 2-இன் ஆரம்பத்தில் முகமூடி போட்ட இரண்டு வாம்பயர்களோடு விளக்குகளுக்கு முன்னால் ஒரு சண்டை வரும். பிளேடாக நடிக்கும் வெஸ்லி ஸ்னைப்ஸ் உண்மையில் அடிக்கும் இடங்களில் கை கால் எல்லாம் கனமாக இருக்கும், திடீரென்று கணினி உருவம் புகுந்ததும் உடம்பு ரப்பராகிவிடும். அந்த மாற்றம் ஒரு தடவை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் மறைக்க முடியாது.

வசூலைத் தள்ளி வையுங்கள். முதலாவது உலகம் முழுக்கச் சுமார் 13 கோடி டாலர், இரண்டாவது சுமார் 15.5 கோடி. இதை வைத்து எது நல்ல படம் என்று சொல்ல முடியாது. இயக்குநர் மாறியிருக்கிறாரா என்பது அதைவிட உதவும். இரண்டுக்கும் திரைக்கதை டேவிட் கோயர்தான், இயக்கம் ஸ்டீபன் நாரிங்டனிடமிருந்து அரக்கர் கதைகளுக்குப் பேர்போன கியெர்மோ டெல் டோரோவுக்குப் போனது. அரக்கர்கள் மேல் இத்தனை அக்கறை எங்கிருந்து வந்தது என்று அதில் விளங்கிவிடும்.

கடைசியாக, இரண்டு படத்திலும் வரும் ஒரே மாதிரிக் காட்சியைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இங்கே அது விடியல். முதல் படத்தில் ஃப்ராஸ்ட் பிறவி வாம்பயர்களின் தலைவரைக் கடற்கரைக்கு இழுத்துவந்து, பல்லைப் பிடுங்கி, சூரியனில் எரியவிடுகிறான். அது அவமானம். இரண்டாவதில் பிளேடோடு கைகோத்த வாம்பயர் படையில் இருக்கும் நிசா நோமாக்கிடம் கடிபட்டு, ரீப்பராக மாறுவதற்குள் வாம்பயராகவே சாக வேண்டும் என்று கேட்கிறாள், பிளேடு அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறான், வெளிச்சம் பட்டதும் அவன் கையிலேயே சாம்பலாகிறாள். அதே சூரியன், அதே சட்டம், இந்தத் தடவை கருணை. இப்படி ஒரு காட்சி கிடைத்துவிட்டால் மற்றக் குறைகளை நான் மன்னித்துவிடுவேன்.

இதே சோதனையை 2003-இன் அண்டர்வேர்ல்டுக்கும் 2006-இல் வந்த அதன் இரண்டாம் பாகத்துக்கும் வைத்துப் பாருங்கள். முதல் படத்தில் எதிரிகள் புற ஊதாக் கதிர் நிரம்பிய தோட்டாக்களால் வாம்பயர்களைச் சுடுகிறார்கள், வெளிச்சம் என்றாலே சாவு. இரண்டாவதில் வாம்பயர் நாயகி செலீன், முதல் அமரரான அலெக்சாண்டர் கோர்வினஸின் ரத்தத்தைக் குடிக்கிறாள், முடிவில் விடியல் வெளிச்சத்தில் கையை நீட்டிப் பார்க்கிறாள், ஒன்றும் ஆகவில்லை. படம் அழகாக இருக்கிறது, கேட் பெக்கின்சேல் முகத்தில் அந்த வியப்பும் நன்றாக வருகிறது. ஆனால் அந்த வெளிச்சத்துக்காக அவள் கையிலிருந்து எதுவும் போகவில்லை.